செழியனுக்கு எந்த எழுத்து

குழந்தை பிறந்து முப்பத்தொரு நாளாகியும் அழகர் அதன் பெயரைப் பதியவில்லை. கொட்டாஞ்சேனையில் அவர்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில் அது 'தம்பி'யாகவும் 'குட்டி'யாகவும் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. பெயர் விஷயத்தில் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஒத்துவரவில்லை.

"ரவின்னு வச்சிருவோம்" என்றான் அழகர். "ரெண்டே எழுத்து. சிங்களத்துல எழுதினாலும் ரவி, இங்கிலீசுல எழுதினாலும் ரவி. எவனும் மாத்தி எழுத முடியாது."

மயிலம்மா குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். "எங்க அண்ணன் பேரு தான். செழியன்."

அழகர் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் ஒரு கம்பனியில் வேலை செய்தான். இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். அவன் பெயர் பிரஜாவுரிமைப் பத்திரத்தில் 'அளகர்' என்றிருந்தது. அடையாள அட்டையில் 'அலஹர்'. துறைமுகப் பாஸில் 'அலாகர்'. போன வருஷம் ஒரு சுற்றிவளைப்பின்போது, அட்டையையும் பாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பொலிஸ்காரன், எதற்கு இரண்டு பெயர் என்று கேட்டான். அழகர் விளக்கம் சொல்லச் சொல்ல அவனுக்குச் சந்தேகம் கூடியது. ஒரு பகலும் ஓர் இரவும் பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். கம்பனி மேற்பார்வையாளர் றேமண்ட் கடிதத்தோடு வந்த பிறகுதான் விட்டார்கள். யாரும் அடிக்கவில்லை. ஆனால் அதன்பின், யாராவது அவன் பெயரை எழுதக் கண்டால், கழுத்தை நீட்டி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"எனக்கு வந்த வெனை இவனுக்கும் வரணுமா?" என்றான். "அந்த ழ வேற எந்த மொழிக்குப் போனாலும் உருப்படியாப் போய்ச் சேராது."

மயிலம்மா குழந்தையைப் பாயில் கிடத்தினாள். அவள் அண்ணன் செழியன் கொழும்புக் கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவனாக இருந்தான். முந்தைய வருஷம் அங்கே குண்டு வெடித்த அன்று அவனைக் காணவில்லை. அவளும் அழகரும் இரண்டு நாட்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் காயப்பட்டவர்களின் பட்டியலை இரண்டு தடவை வாசித்தார்கள். செழியன் இல்லை. 'செல்லையா' என்று ஒருவர் இருந்தார், வயது போடவில்லை. யாரோ வயதான ஆள் என்று நினைத்து அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூன்றாம் நாள் காலை திரும்பி வந்தபோது, அந்தச் செல்லையாதான் செழியன் என்பதும் முந்தின மாலையே அவன் உயிர் பிரிந்துவிட்டது என்பதும் தெரிந்தது. நினைவு தப்புமுன் அவனே பெயரைச் சொல்லியிருக்கிறான். கேட்டவர் காதில் விழுந்தது அப்படி.

"நானும் அதத்தானே சொல்றேன் மயிலு" என்றான் அழகர், குரலைத் தாழ்த்தி. "சுலபமான பேரா இருந்திருந்தா நாம அன்னைக்கே அவரப் பாத்திருப்போம்."

"பேரு என்னா பாவம் பண்ணிச்சி? கேட்டவங்க சரியாக் கேட்டிருக்கணும்."

இரண்டு பேருமே அழுகிற நிலைக்கு வந்துவிட்டதால் பேச்சு அத்தோடு நின்றது.

அடுத்த அறையில் ஸமீமா குடியிருந்தாள். நாற்பது வயதிருக்கும். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் டைப்பிஸ்ட். சுவர் மெல்லியது என்பதால் எல்லாம் அவளுக்குக் கேட்டிருந்தது. மறுநாள் பின்னேரம் ஒரு தாளோடு வந்தாள். 'செழியன்' என்பதை இங்கிலீசில் எப்படியெல்லாம் எழுதலாமோ அப்படியெல்லாம் டைப் செய்து ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொண்டுவந்திருந்தாள். எஸ் போட்டு இரண்டு, சி எச் போட்டு மூன்று. நடுவில் எல் போட்டவை சில, இஸட் எச் போட்டவை சில.

"இஸட் எச் போட்டா இந்தியாவுல வெளங்கிக்குவாங்க. இங்க யாரும் வாசிக்க மாட்டாங்க" என்றாள். "நான் ஒண்டு செல்லட்டா? எனக்கும் ஸ்கூல் செர்ட்டிபிகேட்ல ஒரு ஸமீமா, கலியாண ரெஜிஸ்டர்ல வேற ஸமீமா. எத வச்சாலும் பரவாயில்ல, ஒண்டப் புடிச்சா உட்டுராதீங்க. எல்லா எடத்துலயும் அதையே எழுதுங்க."

மயிலம்மா தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். பிறகு மடித்துக் குழந்தையின் கிளினிக் அட்டைக்குள் வைத்தாள். அழகர் அதைக் கண்டும் காணாதவன் போல இருந்தான்.

நாற்பத்திரண்டு நாளுக்குள் பதிய வேண்டும். முப்பத்தாறாம் நாள் அழகர் அரைநாள் லீவு எடுத்தான். இருவரும் குழந்தையோடு பதிவாளர் கந்தோருக்குப் போனார்கள். என்ன பெயர் சொல்வது என்று வழியில் பேசிக்கொள்ளவே இல்லை. சண்டை பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏற இருவருக்கும் மனமில்லை.

மேசைக்குப் பின்னால் சிங்களப் பெண்ணொருத்தி இருந்தாள். குழந்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பெயர் என்ன என்று சிங்களத்தில் கேட்டாள். அழகர் வாயைத் திறக்குமுன் மயிலம்மா சொன்னாள்: "செழியன்."

அந்தப் பெண் பேனாவைத் தாளில் வைத்தபடி யோசித்தாள். "தந்தஜ லயன்னத, மூர்தஜ லயன்னத?"

சிங்களத்தில் ல இரண்டு உண்டு. அதில் எது என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்று எப்படிச் சொல்வதென்று மயிலம்மாவுக்குத் தெரியவில்லை. அழகரைப் பார்த்தாள். அதற்குள் அந்தப் பெண் தனக்குப் பழகிய ஒரு பெயரைத் தானே தேடி எடுத்தாள். பென்சிலால் மெல்ல எழுதிக் காட்டி, "செல்லையா, நேத?" என்றாள், அப்படித்தானே என்கிற மாதிரி.

துறைமுகத்தில் பத்து வருஷம் வேலை செய்த அழகருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். ரவி என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் அவனுக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அவன் கையை நீட்டிப் படிவத்தின் மேல் வைத்தான்.

"வேணாங்க நோனா. இது வேற பேரு" என்று சிங்களத்தில் சொன்னான். "தமிழ்ல எழுத ஆள் இல்லையா?"

இருக்கிறார், புதன்கிழமை மட்டும் வருவார், இன்றைக்கே முடித்துக்கொண்டு போகலாமே, ஓர் எழுத்தில் என்ன இருக்கிறது என்றாள் அவள். கெட்டவளில்லை. வரிசை பின்னால் வாசல்வரை நின்றது.

"புதன்கிழமை வாறோம்" என்றான் அழகர்.

வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றபோது மயிலம்மா கேட்டாள்: "ரவின்னு சொல்லிருவீங்கன்னு பயந்துகிட்டே நின்னேன். என்னாங்க ஆச்சி?"

"அந்தப் பட்டியல்ல கெடந்த அதே பேரு மயிலு. என் கண்ணு முன்னாலயே இன்னொரு தடவ எழுத விட்டுட்டுச் சும்மா நிக்க முடியுமா?" அவன் குழந்தையை வாங்கிக்கொண்டான். "நாம விட்டா அவங்க எழுதுறதுதான் பேராகும். நான் எம்பேர விட்ட மாதிரி."

அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வரும்வரை விடவில்லை.

புதன்கிழமை மேசையில் இருந்தவர் இளைஞர், அவரும் சிங்களவர். குருநாகலில் தமிழ் வகுப்புக்குப் போய்ப் பரீட்சை பாஸ் பண்ணியதாகத் தானாகவே சொன்னார். ஒவ்வொரு சொல்லையும் கவனமாக எடுத்து வைத்துப் பேசினார். கையெழுத்து அச்சுப் போல இருந்தது. பத்திரத்தில் இருந்தபடியே தகப்பன் பெயர் 'அளகர்', தாய் பெயர், பிறந்த நேரம் எல்லாம் எழுதி முடித்துப் பிள்ளையின் பெயருக்கு வந்ததும், முதலில் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பார்த்தார். 'செளியன்.'

அழகர் குனிந்து பார்த்தான். "ள இல்லீங்க மாத்தயா."

"அப்ப சின்ன ல?"

"அதுவும் இல்லீங்க." அழகர் பேனாவைக் கேட்டு வாங்கினான். கடைசி வகுப்பாக ஐந்தாம் வகுப்புப் படித்தவன். பெரிதாக, கோணலாக, ஒரு ழ எழுதினான். அவர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். முகம் மலர்ந்தது.

"ஆ! 'தமிழ்' எழுதும்போது கடைசியில் வரும் எழுத்து! எனக்கு இது ஒரு சொல்லில்தான் தெரியும்." துண்டுத்தாளில் மூன்று தடவை எழுதிப் பழகினார். மூன்றாவது நன்றாக வந்தது. பிறகு படிவத்தில் எழுதினார். "இப்ப சரியா?"

மயிலம்மா ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள். "சரிங்க" என்றாள். குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள்.

அன்று பின்னேரம் இங்கிலீசு எழுத்து மட்டும் மிச்சமிருந்தது. வீட்டில் இருப்பவர்களின் பட்டியலைப் பொலிஸில் கொடுக்க வேண்டும், அதில் பிள்ளையையும் சேர்க்க வேண்டும். ஸமீமா டைப் செய்த தாளை அழகர் பாய்மேல் விரித்தான்.

"ஒங்கண்ணன் எப்பிடி எழுதுவாரு?"

"சி எச் போட்டு." மயிலம்மா அந்த வரியில் விரலை வைத்தாள். சற்று நேரம் அங்கேயே வைத்திருந்தாள். பிறகு விரலை மேலே நகர்த்தினாள். "அது அண்ணனோடயே இருக்கட்டும். புள்ளைக்கு எஸ் போடுங்க. அண்ணன் பேருதான், ஆனா இவன் வேற ஆளு."

"நடுவுல?"

"எல். வாசிக்கிறவங்களுக்கும் கொஞ்சம் எரக்கம் காட்டணும்ல."

அழகர் சிரித்துவிட்டான். நாற்பது நாளில் அந்த அறையில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை. சுவருக்கு அப்பாலிருந்து, "எதப் புடிச்சீங்க?" என்று ஸமீமா குரல் கொடுத்தாள்.

"மொதலாவது!" என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் அழகர் பொலிஸ் நிலையத்தில் நின்றான். பட்டியல் எழுதும் பொலிஸ்காரருக்கு முன்னால் பெயர் எழுதிய தாளை வைத்தான். மேலே தமிழில், கீழே இங்கிலீசில். அவர் இங்கிலீசைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகப் பதிந்தார். அழகர் கழுத்தை நீட்டி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசி எழுத்து முடிந்ததும் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தான்.