ஒரே அளவான அடிகள்

கணுக்காலில் கட்டிய கருவி சிவப்பாக மினுக்கியது. தரையில் ஒட்டிய இரண்டு வெள்ளைப் பட்டைகளுக்கு நடுவே நடந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். பொன்னுத்துரைக்கு எழுபத்தொரு வயது. சுகர் இல்லை, பிரஷர் இல்லை. குன்னூரில் முதியோரின் நடையை அளக்கும் முகாம் நடந்த மண்டபத்துக்கு அவரை அழைத்துவந்த மகள் சுமலதா சுவரோரம் நின்றாள். போன மழையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்குப் பயம். இன்று நடை சரியாக இருந்தால் பழையபடி காலையில் அவர் தனியாகத் தேயிலைக் காட்டுக்குப் போய்வரலாம். இல்லாவிட்டால் வீட்டோடு இருந்துவிட வேண்டும். வரும்போதே சொல்லிவிட்டாள்.

நாற்பது வருடம் எஸ்டேட்டில் கவ்வாத்துக் கத்தி பிடித்துச் செடி வெட்டியவர். இரண்டு தேயிலை வரிசைகளுக்கு நடுவே யாரும் நேராக நடக்க முடியாது. இடுப்பை ஒருக்களித்து, கல் இருந்தால் எட்டி, சேறு இருந்தால் குறுக்கி வைக்க வேண்டும். கால் தானாகப் பார்த்துக்கொள்ளும். இந்த வழவழப்பான தரையில் பார்க்க எதுவுமில்லாமல் கால்கள் திகைத்தன. இடுப்பு பழக்கத்தில் திரும்பியது.

"ஏனுங்க, ரேஷன் கடை க்யூவுல நடுவால பூந்து போறாப்பல போறீங்க?" தன் முறைக்குக் காத்திருந்த ஏகநாதன் சிரித்தார்.

"நேரா நடங்கப்பா!" என்றாள் சுமலதா.

இரண்டாம் முறை ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்தார். நடை இன்னும் கெட்டுப்போனது.

ஆராய்ச்சிக்கு வந்திருந்த தீபலட்சுமி திரையைப் பார்த்தாள். "ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு அளவா இருக்குதுங்க. அதுக்காகச் சீக்குன்னு இல்லீங்க. அய்யா நல்லாத்தான் இருக்கறாரு. மலையில நடந்த காலு இப்படித்தானான்னுதான் நாங்களும் பாக்கறோம்."

சுமலதாவுக்கு முதல் வாக்கியம் மட்டுமே கேட்டது.

"நான் ஒருநாளும் விழுந்ததில்லையே, புள்ள," என்றார் பொன்னுத்துரை, திரும்பும் பஸ்ஸில்.

"விழுந்தப்புறம் பேசி என்னங்கப்பா பண்றது?"

அவர் கையை அவள் இறுகப் பிடித்திருந்தாள். அன்பான பிடி. அதனாலேயே உதற முடியவில்லை.

மறுநாள் காலை, "பிளாஸ்க்குல டீ இருக்குதுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஜன்னலில் பனி விலகி, எதிர்ச்சரிவில் தேயிலை வரிசைகள் தெரிந்தன. கட்டிலிலிருந்து கதவு வரை நடந்தால் ஏழு அடி. திரும்பினால் ஏழு. மதியத்துக்குள் கால்கள் படிந்துவிட்டன. தரை ஓட்டின் அதே சதுரத்தில் அதே பாதம், எல்லா அடியும் ஒரே அளவு. தீபலட்சுமி இப்போது வந்து பார்க்க வேண்டும்.

பூட்டிய கதவருகே திரும்பும்போது மட்டும், இல்லாத ஒரு தேயிலைக் கிளை தொடையைக் கீறிவிடாதபடி, அவர் இடுப்பு மெல்ல ஒருக்களித்து வழிவிட்டது.