ஜோஸி எழுதிய கடிதங்கள்

கல்லூரி கோல்ஃப் அணியில் இடம் தேடும் பிள்ளைகளுக்கு எல்லாக் கோச்சுகளும் சொல்லும் முதல் விதி இதுதான்: எங்களுக்கு மின்னஞ்சல் எழுதுவது நீயாக இருக்க வேண்டும், உன் அப்பா அம்மா எழுதக் கூடாது. இதை நான் ஒன்றுக்கு நான்கு இடங்களில் படித்தேன். நல்ல விதி என்றே பட்டது. மற்ற அம்மாக்களுக்கு.

என் மகள் ஜோஸி பத்தாம் வகுப்பில் எழுதிய முதல் கடிதத்தை அப்படியே தருகிறேன். "ஹாய் கோச், நான் ஜோஸி நோவாசெக். நெப்ராஸ்கால இருக்கேன். கோல்ஃப் ஆடுவேன். போன வாரம் 77. உங்க டீம் நல்லா ஆடுது. தேங்க்ஸ்." அவ்வளவுதான். ஒரு 'அன்புள்ள' கிடையாது, ஒரு 'தங்கள்' கிடையாது. நானோ கவுண்டி நீதிமன்ற அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கடிதம் எழுதிப் பிழைப்பவள். அபராதம் கட்டாதவனுக்கு அனுப்பும் நோட்டீஸைக்கூட அவன் மனம் கோணாமல் எழுதுகிறவள். என் வீட்டிலிருந்து இப்படி ஒன்று போகலாமா?

"நான் கொஞ்சம் சரி பண்ணி அனுப்பிடட்டுமா?" என்று கேட்டேன்.

"பண்ணிக்கோ. ஸ்கோரை மட்டும் தப்பா போட்டுடாதே" என்றாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்ததால் கராஜில் வலை கட்டி அதில் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொஞ்சம் சரி பண்ணுகிறேன் என்று ஆரம்பித்தது மூன்றாவது கடிதத்தில் முழுக்க என் கைக்கு வந்துவிட்டது. அவள் பெயரில் இருந்த மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது. அம்மா வாராவாரம் ஸ்கோரை அனுப்புகிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஸ்கோரும் போனது, பொய் சொல்லவில்லை. அதைச் சுற்றி நான் ஒரு பெண்ணையே உருவாக்கி அனுப்பினேன்.

அந்தப் பெண் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவாள். ஒரு குழியில் மோசமாக ஆடிவிட்டால் சிரித்துவிட்டு அடுத்த குழிக்குப் போவாள். "தோல்வியே என் ஆசான்" என்பாள். நிஜ ஜோஸியை ஐந்து மணிக்கு எழுப்ப வேண்டுமென்றால் இடிதான் விழ வேண்டும். போட்டி நாள் காலையில் அரை வாழைப்பழத்துக்கு மேல் அவளுக்கு இறங்காது. சில நாள் அதுவும் காருக்குப் பின்னால் போய் வெளியே வந்துவிடும். வாயைத் துடைத்துக்கொண்டு போய் ஆடுவாள். இதையெல்லாம் எந்தத் தாய் எழுதுவாள்?

நாற்பத்தொரு கல்லூரிகளுக்கு எழுதினேன். கோச்சுகள் பதில் போட விதிப்படி அனுமதி உள்ள ஜூன் பதினைந்தாம் தேதி வந்ததும் பதில்கள் வர ஆரம்பித்தன. வடிகட்டி வடிகட்டிப் பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு கல்லூரிகள் மிஞ்சின. ஒன்று எங்கள் ஹேஸ்டிங்ஸிலிருந்து ஒரு மணி நேரத்தில் இருக்கும் செயின்ட் வெண்டலின். சின்னக் கல்லூரி. கோச்சே உயிரியல் பாடமும் எடுப்பார், போட்டிக்கு வேனும் ஓட்டுவார். இன்னொன்று ஓக்லஹோமாவில் ஹார்லன் பல்கலைக்கழகம். ஐந்து வருடத்தில் மூன்று முறை தேசியப் போட்டிக்குப் போன அணி.

"வெண்டலின்ல முதல் வாரத்துலேருந்தே ஆடலாமாம்ல, ரோண்டா?" என்றார் என் கணவர் ராய். அவருக்குத் தானியக் கிடங்கில் வேலை. வாயைத் திறந்தால் சுங்கம் கேட்பார்கள் என்று நினைக்கிற மனிதர். அவர் இவ்வளவு பேசியதே பெரிது.

"யாருக்கு எதிரா? பன்றிப் பண்ணைக்கு எதிராவா?"

"ஹார்லன்ல பத்துப் பொண்ணுங்க இருக்காங்க. போட்டிக்குப் போறது அஞ்சு பேர்தான். மீதி அஞ்சு பேர் என்ன பண்ணுவாங்க?"

"நம்ம பொண்ணு அந்த அஞ்சுல இருப்பா" என்று வாயை அடைத்தேன். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வலுவான அணி என்றால் அதுதான். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் தகுதிச் சுற்று வைப்பார்கள். அறையில் கூடப் படுக்கிற தோழியை அடித்துத் தள்ளினால்தான் விமானத்தில் இடம். கடிதத்தில் வரும் ஜோஸிக்கு அது மிகவும் பிடிக்கும் என்று மார்ச் மாதமே எழுதி அனுப்பியிருந்தேன்.

ஹார்லனில் ஒரு பெண் விலகி ஓர் இடம் காலியானது. செப்டம்பரில் வந்து பார்க்கச் சொன்னார் கோச் வாண்டா க்ரீல். அறுவடைக் காலம், ராயால் நகர முடியாது. நானும் ஜோஸியும் ஏழு மணி நேரம் கார் ஓட்டிப் போனோம்.

நாங்கள் போன சனிக்கிழமை அங்கே தகுதிச் சுற்று நடந்தது. கோல்ஃப் வண்டி போகும் பாதையிலேயே கூட நடந்து பார்த்தோம். ஆஷ்பி என்று செம்பட்டை முடிக்காரப் பெண் ஒருத்தி, மூன்றாம் வருடம் படிக்கிறவள். கடைசிக் குழியில் ஒரு முழ தூரத்திலிருந்து தட்ட வேண்டிய பந்து. எங்கள் ஊர்ப் பிள்ளைகள்கூடக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது. ஒரே அடியில் அவள் ஆறாவது ஆகிவிட்டாள். தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்து, போட்டிக்குப் போகிற ஐந்து பேரின் பைகளை வேனில் ஏற்ற ஆரம்பித்தாள். ஆறாவதாக வருகிறவள் பை ஏற்ற வேண்டும் என்பது அந்த அணியின் வழக்கமாம்.

யாரும் சொல்லாமலே ஜோஸி போய் ஒரு பையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள். என் வயிறு குளிர்ந்தது. மாதாவே, கோச் இதைப் பார்த்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். அந்த நேரத்திலும் என் புத்தி அங்கேதான் போனது.

அன்று சாயங்காலம் கோச் எங்களை இறைச்சி சுடும் கடைக்கு அழைத்துப் போனார். அணிப் பெண்கள் நால்வர் வந்தார்கள், ஆஷ்பியும் இருந்தாள். நான் அவித்த சோளத்தில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

"ஜோஸி, மார்ச்ல எனக்கு ஒண்ணு எழுதியிருந்தே" என்றார் கோச் க்ரீல். "'உடன் ஆடுபவர்களுடன் இடத்துக்காகப் போரிடும் வாரமே எனக்கு மிகவும் பிடித்த வாரம்'னு. இன்னிக்கு அதை நேர்ல பார்த்தே. இப்பவும் பிடிச்சிருக்கா?"

ஆஷ்பி நிமிர்ந்து பார்த்தாள். ஜோஸி முதலில் கோச்சைப் பார்த்தாள், ஒன்றும் புரியாமல். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது. என் பெண் இப்போது வாயைத் திறந்தால் ஹார்லனும் போச்சு, என் மானமும் போச்சு.

"ஆமா கோச், எழுதினேன்" என்றாள் ஜோஸி. கொஞ்சம் பொறுத்து, "இப்ப அப்படித் தோணல" என்றாள்.

"நல்லவேளை" என்றாள் ஆஷ்பி. "ஆமான்னு சொல்லியிருந்தேன்னா, இந்த எலும்பு உன் மண்டையிலதான்." எல்லோரும் சிரித்தார்கள். கோச் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டின் மேல் குனிந்துகொண்டார்.

மறுநாள் காரில் ஏறியதும் ஜோஸி கை நீட்டினாள். "பாஸ்வேர்டைச் சொல்லு." சொன்னேன். கான்ஸஸ் எல்லை தாண்டும்வரை படித்தாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. நெடுஞ்சாலையில் இருந்த மாடுகளையெல்லாம் எண்ணிக்கொண்டு ஓட்டினேன்.

"'தோல்வியே என் ஆசான்'" என்று சத்தமாகப் படித்தாள். "அம்மா, யாரு இவ?"

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்டி. எல்லா அம்மாவும் கொஞ்சம்..."

"காலைல அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறா. அழவே மாட்டா. நல்ல பொண்ணா இருக்கா. அவங்களுக்குப் பிடிச்சது இவளைத்தான். நான் இவளைப் பார்த்ததே இல்ல. இவளையே காலேஜுக்கு அனுப்பிக்கோ."

அதற்குப் பிறகு வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அழுததை அவள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பார்க்காதவள் போல இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஹார்லனிலிருந்து செய்தி வந்தது. இடம் தருகிறோம், பத்து நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஜோஸி கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கோச்சுக்குத் தானே ஒரு கடிதம் எழுதினாள். என்ன எழுதினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து, நான் அலுவலகத்திலிருந்து வரும் நேரத்தில் கோச்சிடமிருந்து போன் வந்தது.

"நான் தனியாப் பேசணும். நீ வெளியே இரு" என்றாள் ஜோஸி. கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் காரில் போய் உட்காரச் சொன்னாள். என் வீட்டு வாசலில், என் காரிலேயே, பெயிலுக்குக் காத்திருப்பவள் போல இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

வந்து பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"கோச்சுக்கு ரெண்டாவது கடிதத்துலயே தெரியுமாம். 'தங்கள் மேலான கவனத்திற்கு'ன்னு எந்தப் பதினாறு வயசுப் பொண்ணும் எழுத மாட்டான்னாங்க. கடிதத்தையெல்லாம் அவங்க கணக்குலயே எடுத்துக்கலையாம்."

"பின்னே எதைப் பார்த்துக் கூப்பிட்டாங்க?"

"ஜூலைல விச்சிடா போட்டியில, நாலு அடியில முடிக்க வேண்டிய ஒரு குழியில ஒம்பது அடிச்சேன்ல? அதைப் பார்த்திருக்காங்க. அடுத்த குழியில என்ன பண்றேன்னு பார்க்கக் கூடவே வந்தாங்களாம்."

"என்ன பண்ணினே?"

"மரத்துக்குப் பின்னாடி போய் வாந்தி எடுத்தேன். அப்புறம் மூணுல முடிச்சேன்." அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்து போனது. "நோட்டுல எழுதி வச்சிருந்தாங்களாம், எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. 'பெண் சரி. அம்மா?' அப்படின்னு."

நாற்பத்தொரு கல்லூரிக்கு எழுதியவளைப் பற்றி ஒரே வார்த்தை, ஒரே கேள்விக்குறி. எனக்கு அது வேண்டியதுதான்.

"இடம் இருக்கா?"

"இருக்கு. ஆனா ரெண்டு வருஷம் ஒரு போட்டிகூட ஆடாமப் போகலாம், வாராவாரம் பை தூக்க வேண்டியிருக்கும்னு நேரா சொன்னாங்க. சரின்னுட்டேன்."

இரண்டு வருடமாக நான் ஏங்கியது இதற்குத்தான். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் என் கண்ணுக்கு முன்னால் தொப்பிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நின்ற ஆஷ்பிதான் வந்தாள். அவள் இடத்தில் என் பெண். ஏழு மணி நேரம் தள்ளி, பக்கத்தில் யாரும் இல்லாமல்.

"வேண்டாம்டி" என்றேன். "அப்பா சொல்றதுதான் சரி. வெண்டலின்லயே சேர்ந்துடு. அங்க சந்தோஷமா ஆடலாம். இது உன்னால தாங்க முடியாது."

ஜோஸி என்னையே பார்த்தாள். "கடிதத்துல முடியும்னு எழுதினே."

"அது சும்மா எழுதினதுடி."

"அதான் சொல்றேன். நீ நம்பவே இல்ல. ஒரு நாள்கூட நம்பல." குரல் உடைந்தது. "எனக்குப் பயமா இருக்கும்மா. அங்க போயும் இருக்கும். வாந்தி எடுப்பேன், அப்புறம் ஆடுவேன். அது என்ன எழுதக் கூடாத விஷயமா?"

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். அந்தக் காக்கை என்னைவிட மேல். அது உள்ளபடியே பார்த்துப் பொன் என்றது. நான் பித்தளை என்று பயந்து முலாம் பூசிக்கொண்டிருந்தேன். என் பெண் பயந்து பயந்தே பத்து வருடம் ஆடியிருக்கிறாள், ஒரு போட்டிகூட விட்டதில்லை. அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், பார்த்துவிட்டு ஒளித்துவைத்தேன்.

"மன்னிச்சுக்கோ" என்றேன். அலுவலகத்தில் ஆயிரம் கடிதம் எழுதிய எனக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. காரை விட்டு இறங்கவும் இல்லை. ராய் வேலை முடிந்து வந்து, "ரெண்டு பேரும் எங்கயாவது போறீங்களா?" என்று கண்ணாடியைத் தட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

நவம்பரில், கல்லூரி அணிகளில் சேரும் பிள்ளைகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்காகப் பள்ளி நூலகத்தில் மேஜை போட்டு, மேலே ஹார்லன் தொப்பியை வைத்திருந்தார்கள். அவளுக்கு முன்னால் மல்யுத்தக்காரப் பையன் ஒருவன் கையெழுத்துப் போட்டான், எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்தது ஜோஸி. சின்ன எழுத்தில், அவசரமில்லாமல் போட்டாள். அவளுக்கு இன்னும் பதினெட்டு ஆகாததால் கீழே பெற்றோர் கையெழுத்துக்கும் ஒரு கோடு இருந்தது. தாளை என் பக்கம் தள்ளி, அந்தக் கோட்டில் விரலை வைத்தாள்.

"இங்க மட்டும்" என்றாள்.

இரண்டு வருடமாகக் கடிதத்தின் அடியில் 'ஜோஸி நோவாசெக்' என்று போட்டுப் பழகிய கை ஒரு கணம் தயங்கியது. பிறகு என் பெயரை எழுதினேன்.