மூன்று முதலாளிகளும் ஒரு மோட்டாரும்

விடிவதற்குள் பெல்ட்டை ஏற்றிவிட வேண்டும். மில்லுக்காரி முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து, கனத்த பெல்ட்டை இழுத்தாள். உள்ளங்கை எரிந்தது. நேற்று உரிந்த இடத்தில் இன்னும் தோல் வரவில்லை. பெல்ட் சக்கரத்தில் ஏறியதும், "கையை எடுங்க!" என்று கத்தினாள். மரம் அறுக்கும் தச்சரும், மண்வெட்டிக்கும் கோடரிக்கும் காம்பு கடையும் ஒல்லியும், "எடுத்தாச்சு!" என்றார்கள். அதற்கப்புறம்தான் சுவிட்ச்.

ஒரே கொட்டகை, ஒரே மோட்டார், மூன்று தொழில். கிழட்டு மோட்டார் இரண்டு இயந்திரத்தைச் சேர்ந்தாற்போல் இழுக்காது. அவள் மாவரைக்கும்போது மற்ற இருவரும் சும்மா நிற்பார்கள். அவர்கள் ஓட்டும்போது இவள் நிற்பாள். நிற்கிற நேரத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை. கொட்டகையும் மோட்டாரும் முதலாளிக்குச் சொந்தம். விலைவாசி ஏறும்போதெல்லாம் அவர் வாடகையை ஏற்றுவார். இறங்கும்போது மட்டும் ஊரில் இருக்கமாட்டார்.

இப்போது, கொட்டகையைக் கிடங்காக்கப் போகிறேன், மாதக் கடைசியில் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார். இடம் போனால் அவளுடைய அரவை இயந்திரம் வெறும் இரும்பு. இடுப்பு ஒடிந்து படுத்திருக்கும் புருஷனையும் படிக்கிற மகளையும் காப்பாற்ற, அதே கிடங்கில் மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான்.

வெயில் ஏறும் முன்பே டவுனிலிருந்து சிறுதொழில் உதவி மையத்து அதிகாரி பைக்கில் வந்து இறங்கினார். யாருக்கும் சொல்லாமல், மோட்டார் கேட்டு அவள் அங்கே மனுக் கொடுத்திருந்தாள். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். தச்சரும் ஓடி வந்தார். ஒல்லியும் வந்தான். மூன்று பேர் முகத்திலும் ஒரே சிரிப்பு.

"இங்க தொழில் நடத்தறது யாரு?"

"நான்தாங்க" என்றன மூன்று குரல்கள்.

அதிகாரி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். "அதானே பார்த்தேன். ரெண்டு பேருக்காவது வேலை குடுக்கறவங்களுக்குத்தான் மோட்டார்னு எங்க விதி. மூணு பேரும் தனித்தனியா வந்து, மத்த ரெண்டு பேரும் என்கிட்ட கூலிக்கு இருக்காங்கன்னு சொல்லியிருக்கீங்க. மூணு முதலாளி, ஆறு கூலியாளு. நான் யாரை நம்பறது?"

டவுனுக்குப் போக ஒருவருக்கொருவர் சொன்ன சாக்குகள், ஒல்லியின் பல்வலி, தச்சரின் மாமியார் வீட்டுப் பயணம், அவள் சல்லடை வாங்கப் போனது எல்லாம் ஒரே நொடியில் வெளுத்துப்போயின.

"என்னையா உன் கூலியாளுன்ன?" தச்சர் ஒல்லியிடம் பாய்ந்தார்.

"நீங்க என்னை என்னன்னு சொன்னீங்கண்ணே?"

தச்சர் கூரையைப் பார்த்தார். மில்லுக்காரிக்கு அழுகை வந்தது. எத்தனை வருஷம் ஒருவர் கையை ஒருவர் காத்தவர்கள்!

"மூணு மனுவும் தள்ளுபடி" என்றார் அதிகாரி. அவர் குரலும் களைத்துத்தான் இருந்தது. "பொது மோட்டார்னு ஒண்ணு இருக்கு. சேர்ந்து வந்து மேலதிகாரியை நேர்ல கேட்டா, மோட்டாரோட இடத்துக்கும் வழி பண்ணலாம். கிடைக்கும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

அவர் பைக் போன தூசி அடங்குமுன் முதலாளி வந்தார். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. மில்லுக்காரியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"உனக்கு மட்டும் ஒரு மூலை தர்றேன். இருந்துக்கோ. அந்த ரெண்டு பேரும் உன் ஆளுங்கன்னு நீயே சொல்லியிருக்கியே, அனுப்பிடு."

அவளுக்கு அந்த மூலை வேண்டியிருந்தது. அவ்வளவு அலுப்பு. ஒரு தலையாட்டல், வீட்டில் அடுப்பு எரியும். தச்சரும் ஒல்லியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொன்னது பொய்யி" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "இன்னைக்கு இவங்களைப் போகச் சொல்லுவீங்க. நாளைக்கு என்னைச் சொல்லும்போது, பக்கத்துல நின்னு கேக்க யாரு இருப்பா?"

"ரொம்பப் பேசாத. அப்ப இப்பவே மோட்டாரை நிறுத்து."

அவள் போய் சுவிட்சை இறக்கினாள்.

முதலாளி, மாவரைக்க வாசலில் மூட்டையோடு நின்றவர்களைக் காட்டினார். "இவங்க வாயால நாறப்போற. அப்புறம் என்கிட்டதான் வருவ." செருப்பைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டார்.

"தப்பு மூணு பேர் மேலயும்தான்க்கா" என்றான் ஒல்லி. "சண்டையை பஸ்ஸுல போட்டுக்கலாம், வாங்க."

தச்சர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மில்லுக்காரி வாசலுக்கு வந்து உள்ளதைச் சொன்னாள். "நாங்க மூணு பேரும் டவுனுக்குப் போறோம். இன்னைக்கு அரைக்க முடியாது. கோவிச்சுக்காதீங்க."

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. முன்னால் நின்ற டீக்கடைக்காரி, தலைச்சுமையை இறக்காமலே கேட்டாள்: "போனா குடுத்துடுவானா?"

"தெரியலக்கா."

"மில்லு போச்சுன்னா பஜ்ஜி மாவுக்கு நான் எங்க போறது? கடையில வெந்நியா விக்கறது?"

டீக்கடைக்காரி மூட்டையைத் தூக்கி வந்து, ஓடாத இயந்திரத்தின் மேல் சாய்த்து வைத்தாள்.

"நகருடி. எனக்கும் பஸ்ஸுல ஒரு இடம் பிடிக்கணும்."

அவளுக்குப் பின்னால் இன்னொரு மூட்டை இறங்கியது.