டாஸ்க்பாரில் ஒரு தம்பி

காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அக்கா செய்கிற முதல் காரியம், மவுஸைக் கீழே டாஸ்க்பாருக்குக் கொண்டுபோய் கேமரா ஐகானின் மேல் நிறுத்துவது. நிறுத்தினால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு குட்டிப் படம் எழும்பும். அதில் மாடி அறை தெரியும், அறைக்குள் தம்பி தெரிவான். உட்கார்ந்திருக்கிறானா, சரி. மவுஸை எடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

இன்றைக்கு நிறுத்தினாள், படம் வரவில்லை. 'மாடி கேமரா' என்ற பெயர் மட்டும் வெறும் எழுத்தாக வந்து நின்றது. மவுஸை நகர்த்திவிட்டு மறுபடி நிறுத்தினாள். மறுபடியும் பெயர்தான். பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தம்பிக்கு வலிப்பு உண்டு. போன மழைக்காலத்தில் மாடியில் தனியாக இருந்தபோது வந்து, மேசை முனையில் மண்டை இடித்துக் கிடந்தான். அக்கா பார்க்கும்போது தரையில் ரத்தம் காய்ந்திருந்தது. எப்போதும் யாராவது ஒரு கண் வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். செல்போன் ரிப்பேர் செய்து தன் காலில் நிற்கிற ஆண்பிள்ளை, கோபம் மூக்கு நுனியில், அவன் மேல் கண் வைப்பது எப்படி? பெரிய சண்டைக்குப் பிறகுதான் கேமராவுக்கு ஒத்துக்கொண்டான். அக்கா வெளியே போகும்போது மட்டும் பார்க்கலாம். வீட்டுக்குள் இருந்துகொண்டு பார்த்தாள் என்று தெரிந்தால் அன்றைக்கே தனி அறை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றான். அவன் சொன்னால் செய்கிற ரகம். தனி அறையில், பூட்டிய கதவுக்குப் பின்னால், அவனுக்கு மறுபடி வந்தால்? அக்கா அதற்கு மேல் யோசிக்க மாட்டாள்.

அக்கா வெளியே போவதே அபூர்வம் என்பதுதான் இதில் வேடிக்கை. அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றுக்கு, சாட்டில் வருகிற புகார்களுக்குப் பதில் எழுத வேண்டும். கொடுத்த வாக்கு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

போனில் கேமராவைத் திறந்தால் தம்பிக்குத் தகவல் போய்விடும், அதனால் கம்ப்யூட்டரில்தான் பார்க்க வேண்டும். அதிலும் பெரிதாகத் திறந்து பார்க்க முடியாது. ஆபீஸ்காரர்கள் அவள் கம்ப்யூட்டரில் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள், அது நினைத்த நேரத்தில் திரையைப் படம் பிடித்து அனுப்பும். ஒரு தடவை மாட்டிக்கொண்டாள். இன்னொரு தடவை வேறு எதையாவது திறந்தால் நேரே வீட்டுக்குத்தான் என்று சூப்பர்வைசர் எழுதினாள். வீட்டில் இருப்பவளை வீட்டுக்கு எப்படி அனுப்புவீர்கள் என்று கேட்க அக்காவுக்கு வாய் துறுதுறுத்தது, ஆனால் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அதனால் வேலை விண்டோவுக்குப் பின்னால் கேமராவை ஒளித்து வைத்து, குட்டிப் படத்தில் எட்டிப் பார்த்துக் காலத்தை ஓட்டினாள்.

அந்தப் படம்தான் இப்போது இல்லை. கம்ப்யூட்டருக்கு எதுவானாலும் வீட்டில் சரிசெய்கிற ஆள் ஒருத்தன்தான், அவன் மாடியில் இருக்கிறான். உன்னை ஒளிந்து பார்க்கிற வழி அடைபட்டுவிட்டது, கொஞ்சம் திறந்து கொடு என்று அவனிடமே போய் நிற்க முடியுமா?

மேலே 'டக், டக்' என்று சத்தம் கேட்டது.

அக்கா தலையைத் தூக்கினாள். ஆணி அடிக்கிறானா? ஆணி அடிக்க ஸ்டூல் மேல் ஏற வேண்டுமே. ஸ்டூல் மேல் நிற்கும்போது வந்துவிட்டால்? போய்ப் பார்க்கலாம் என்றால், போன வாரம் சும்மா ஒரு டம்ளர் தண்ணீரோடு ஏறியதற்கே, நான் என்ன தொட்டில் குழந்தையா என்று அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குள் சாட்டில் ஒருவர் வந்துவிட்டார். அவருடைய மெஷின் சுற்றும்போது டக் டக்கென்று சத்தம் போடுகிறதாம். ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பாருங்கள் என்று எழுதினாள். அந்த வைத்தியத்தைத் தனக்கும் செய்துகொண்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

நெட் தகராறு என்று சூப்பர்வைசரிடம் பொய் சொல்லிவிட்டு ரீஸ்டார்ட் செய்தாள். திரை கருப்பாகக் கிடந்த நேரத்தில் மேலே எந்தச் சத்தமும் இல்லை. சத்தம் கேட்டபோது பயந்தவள், கேட்காதபோது இன்னும் பயந்தாள். கம்ப்யூட்டர் எழுந்தது. கேமராவை மறுபடி பின்னால் ஒளித்துவிட்டு மவுஸை வைத்தாள். பெயர்தான் வந்தது.

போனில் தேடினாள். ஒருவர் அப்டேட் மேல் பழி போட்டார். ஒருவர் எக்ஸ்புளோரர் என்ற புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட்டச் சொன்னார். அதைச் செய்ததும் டாஸ்க்பாரே மொத்தமாகக் காணாமல் போய், அவளுக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. டாஸ்க்பார் வந்தது, படம் வரவில்லை. இன்னொரு மகானுபாவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். அவர் நன்றாக இருக்கட்டும்.

மறுபடி 'டக், டக்'. அடிக்கிற ஆணி இன்னுமா உள்ளே போகவில்லை? மெஷின்காரர் அணைத்துப் போட்டும் சத்தம் போகவில்லை என்றார். சட்டைப் பைகளில் நாணயம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்று அக்கா எழுதினாள்.

யாரோ ஒரு புண்ணியவதி மட்டும் வழியை ஒழுங்காக எழுதியிருந்தாள். செட்டிங்ஸுக்குள் போய், அதற்குள் இன்னொன்றுக்குள் போனால் ஒரு பட்டியல் வரும், அதில் டிக் இருக்கிறதா பாருங்கள். அக்கா போய்ப் பார்த்தாள். நிழல் காட்டவா, டிக். எழுத்து ஓரத்தை மழுப்பவா, டிக். வரிசையாக எல்லாவற்றிலும் டிக். டாஸ்க்பாரின் குட்டிப் படத்துக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்டேட் இப்படிப் பொறுக்கியெடுத்து ஒன்றில் மட்டும் கை வைக்காது. இது ஆள் செய்த வேலை. நேற்று சாயங்காலம் பில் ஒன்று பிரிண்ட் எடுக்கவேண்டும் என்று தம்பி இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். பிரிண்டர் ஓடிய சத்தம் கேட்டதா? கேட்கவில்லை.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னபடி போய்விடுவான். மேலே அடிப்பது ஆணி இல்லை, பெட்டி கட்டுகிறான். டிக்கைப் போட்டு, மவுஸை ஐகான் மேல் நிறுத்தினாள்.

படம் வந்தது.

பெட்டியும் இல்லை, ஸ்டூலும் இல்லை. மேசையைச் சுவரோடு தள்ளி, அதன் முனைகளில் பழைய போர்வையைச் சுற்றி ஒயரால் கட்டியிருந்தான். தரையில் மெத்தை விரித்து, அதன் மேல் உட்கார்ந்து ஒரு போனைப் பிரித்து வைத்திருந்தான். எப்போதும் தாழ் போட்டுக்கொள்கிற கதவு திறந்தே கிடந்தது, மூடிவிடாமல் ஒரு செருப்பை முட்டுக்கொடுத்திருந்தான். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான்.

அக்காவின் தலைக்கு மேலே 'டக், டக்' என்று கேட்டது. படம் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும். சத்தம் கேட்டு முடிந்த பிறகு, குட்டிப் படத்துக்குள் தம்பி பக்கத்தில் இருந்த திரைச்சீலைக் கம்பியை எடுத்து, தரையில் இரண்டு தட்டுத் தட்டி, திரும்ப வைத்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

அக்கா அழுதுவிட்டாள். சாட்டில் மெஷின்காரர் 'இருக்கிறீர்களா?' என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"என்னக்கா, டிக்கப் போட்டுட்டியா?" என்றான் அவன்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள்.

"மொத வாரமே தெரியும். நான் மேல தும்முனா, கீழருந்து மாத்திரை போட்டியான்னு மெசேஜ் வருது. தும்முனது உனக்கு எப்படித் தெரியும்?"

அப்போதே சண்டை போட்டிருக்கலாமே என்றாள் அக்கா.

"போட்டிருந்தா போறேன்னு சொன்னபடி போயாகணும். எனக்குப் போக இஷ்டமில்லக்கா." அதே மூச்சில் தொடர்ந்தான். "கால் மணிக்கு ஒரு தடவ தட்டறேன், கேக்குதுல்ல? கேக்கற வரைக்கும் என்னப் பாக்காத. கேக்கலன்னா ஓடி வா, கதவு தெறந்துதான் இருக்கும்."

போனை வைத்துவிட்டு அக்கா கேமராவை மூடினாள். டாஸ்க்பாரில் அந்த இடம் காலியானது. விரல் ஒன்றிரண்டு தடவை பழக்கத்தில் அங்கே போய்த் திரும்பியது.

பிறகு அவள் கண் முழுக்கக் கடிகாரத்தில் இருந்தது. தட்டுகிற நேரம் வந்தது, தாண்டியது. போனில் பேசியதில் நேரத்தை மறந்திருப்பானோ? இல்லை, விழுந்து கிடக்கிறானோ? மெஷின்காரர் சட்டைப் பையில் நாணயம் கிடைத்ததைச் சொல்லி, 'சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது' என்று எழுதினார். அதைப் படித்ததும் அக்கா எழுந்துவிட்டாள். வேலை, சூப்பர்வைசர், திரையைப் படம் பிடிக்கிற புரோகிராம், எதுவும் நினைவில் இல்லை. மாடிப்படியில் காலை வைத்தாள்.

டக், டக்.

கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். மேலே ஏறவில்லை. மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும், மூலையில் இருந்த துடைப்பக் கட்டையை எடுத்து தலைக்கு மேலே தளத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மெஷின்காரருக்குப் பதில் எழுதப் போனாள்.