டாக்டர் சொன்ன கடலை

விமலாராணியின் மேலுதடு முதன்முதலில் வீங்கிய அன்று பீங்கான் பட்டறையே சிரித்தது.

"ஏண்டி விமலா, குளவி கொட்டுச்சா, இல்ல செபாஸ்டியன் அண்ணன் கடிச்சிட்டாரா?" என்றாள் கூட வேலை பார்க்கும் ஆராயி.

விமலாவும் சேர்ந்து சிரித்தாள். சாயங்காலத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. அவளுக்கு வயது முப்பத்தொன்று. இதுவரை எதைத் தின்றாலும் செரித்த உடம்பு. அதனால் அந்த விஷயத்தை அன்றே மறந்துவிட்டாள்.

அடுத்த வாரம் யாரும் சிரிக்கவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவள் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கழுத்து, கை, முகமெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது. தொண்டைக்குள் துணியை அடைத்தாற்போல மூச்சு இழுத்தது. முதலாளி கோதண்டபாணி, சரக்கு ஏற்ற வந்திருந்த வேனில் அவளைத் தூக்கிப் போட்டார். துணைக்கு ஆராயி ஏறிக்கொண்டாள். கடைவீதியில் புதிதாகக் கிளினிக் திறந்திருந்த டாக்டர் மாணிக்கவேலிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

டாக்டருக்கு ராஜபாளையம் பக்கம். விருத்தாசலம் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. முகத்தைப் பார்த்ததுமே ஓர் ஊசியைப் போட்டார். பத்து நிமிடத்தில் விமலாவின் மூச்சு சீரானது.

"என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"புளிசோறுங்க" என்றாள் ஆராயி.

"கடலை போட்டுத் தாளிச்சதா?"

"ஆமாங்க. நெறையவே போட்டிருந்தா."

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"போன வாரம் ஒதடு வீங்குச்சுங்க. அன்னிக்கும் புளிசோறுதான்."

"அப்போ கடலைதான். அவங்க உடம்புக்கு அது ஒத்துக்கலை."

விமலா படுத்தபடியே தலையைத் தூக்கினாள். "சின்ன வயசுலேருந்து தின்னுக்கிட்டுதான சார் இருக்கேன்?"

"சில பேருக்கு வளந்த பிறகுதாம்மா வரும். ஏன்னு கேட்டா எனக்கும் சொல்லத் தெரியாது. இனிமே கடலையைத் தொடாதீங்க. சட்னியில, பலகாரத்தில எதிலயும் கூடாது. ஒண்ணே ஒண்ணுதானேன்னு வாயில போட்டுறாதீங்க. அடுத்த தடவை இங்கே வந்து சேர நேரமிருக்குமோ என்னமோ."

அன்று மாலையே புருஷன் செபாஸ்டியன் வீட்டைச் சுத்தம் செய்துவிட்டான். ஜங்ஷனில் போர்ட்டர் வேலை பார்க்கிறவன், மூட்டை கட்டக் கேட்கவா வேண்டும்? கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, பஜ்ஜிக்கு வைத்திருந்த கடலைமாவு என்று எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தான்.

விஷயம் கேள்விப்பட்டு கம்மாபுரத்திலிருந்து விமலாவின் மாமியார் உபகாரமேரி பஸ் பிடித்து வந்தாள். இடுப்பில் ஒரு சாக்கு.

"பொட்டுக்கடல இல்லாம சட்னி எப்படி அரைப்பன்னு நெனச்சியா? நம்ம கொல்லையில வெளஞ்ச மல்லாட்ட இருக்குது. வறுத்து, ரெண்டு மொளகா வெச்சி அரைச்சிக்க. ஒடம்புக்கும் தெம்பு."

"நல்ல வேள அத்த, இதாச்சும் இருக்குதே" என்றாள் விமலா.

விருத்தாசலம் வட்டாரத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். கடலை என்றால் பருப்புக் கடலை, சுண்டல் கடலை. டாக்டரின் ஊரிலோ கடலை என்றாலே வேர்க்கடலைதான். புளிசோற்றில் இரண்டுமே கிடந்தன. கேட்டவர் ஒன்றைக் கேட்டார், சொன்னவள் வேறொன்றைச் சொன்னாள். டாக்டர் தொடக்கூடாது என்ற பொருளை, வீட்டார் அக்கறையோடு வறுத்துக்கொண்டிருந்தார்கள்.

காலையில் விமலா கஞ்சி குடித்துவிட்டு ஓடுவாள். இரவில் ரசமும் சோறும். மல்லாட்டைத் துவையல் போவது மதிய டப்பாவில் மட்டும்தான். அதனால் அந்த மாதம் மூன்று தடவை அவளுக்குத் தடிப்பும் இழுப்பும் வந்தபோது, மூன்றுமே பட்டறையில்தான் வந்தன. டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையில் எப்படியோ பிழைத்துக்கொண்டாள். ஆனால் மூன்றாவது தடவை பார்த்ததும் கோதண்டபாணி பயந்துவிட்டார்.

"கடலைய வுட்டுட்ட இல்ல?"

"கண்ணால பாத்து ஒரு மாசம் ஆச்சு மொதலாளி."

"அப்ப கடல இல்ல. இந்தக் கிளேசுதான். இந்தப் பொடிதான் உன் தொண்டைய அடைக்குது. ஆறு மாசமா அதுலதான நிக்கற?"

கிளேஸ் என்பது பீங்கானுக்குப் பளபளப்புக் கொடுக்கும் கரைசல். பியூஸ் கட்டையை அதில் முக்கி, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பி எடுக்க வேண்டும். வடியவும் கூடாது, திட்டும் விழக்கூடாது. மூன்று வருடம் களிமண் சுமந்த பிறகுதான் அந்த வாளிப் பக்கம் அவளை விட்டார்கள். இப்போது அவள் முக்கிய சரக்கு சூளையிலிருந்து வந்தால் ஒன்றுகூடக் கழிவதில்லை. அவள் தன் கையைப் பார்த்துத் தானே சந்தோஷப்பட்டது இந்த ஒரு வேலையில்தான்.

"மொதலாளி, மூக்குல துணி கட்டிக்கறேன்."

"உசுரு போச்சுன்னா செபாஸ்டியனுக்கு நான் இன்னா பதில் சொல்றது? டாக்டர நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். அவரு வந்து பாத்து ஒரு வார்த்த சொல்லட்டும். வேணாம்னு சொல்லிட்டாருன்னா வேணாந்தான். கோச்சிக்காத."

மறுநாள் மதியம் டாக்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பொடி மூட்டைகளைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். விமலா முக்கிக் காட்டினாள். ஒரு சொட்டு வடியவில்லை. அதைப் பார்த்து, "ரொம்ப நேர்த்தியாத்தான் செய்யறீங்க" என்று சொன்ன டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"கடலையை விட்டும் வருதுன்னா, வேற எதையும் காரணமாச் சொல்லத் தெரியலை. இந்த வேலையை விட்டுடறதுதான் நல்லதும்மா."

விமலா கட்டையை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். போய் மர பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வந்தவரை வெறும் கையோடு அனுப்பலாமா? ஆராயி டீ வாங்கி வந்தாள். பெரிய பேசின் நிறைய, அப்போதுதான் அவித்து இறக்கிய மல்லாட்டையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். ஆவி பறந்தது.

"எடுத்துக்குங்க டாக்டர். விமலா, நீயும் எடுடி. அழுதா மட்டும் ஆச்சா?"

விமலா ஒன்றை எடுத்தாள். ஓட்டை உடைத்தாள். கண்ணைத் துடைத்தபடி வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ஏய், கீழே போடு!"

டீ கிளாஸ் உருண்டு ஓடியது. டாக்டர் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டிருந்தார்.

"உங்களுக்கெல்லாம் புத்தி இருக்கா? கடலையைத் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

ஆராயி இடுப்பில் கை வைத்தாள். "கடலையா? கடல எங்க இருக்குது?"

"இதோ, ஒரு பேசின் நிறையக் கொண்டாந்து வச்சிருக்கீங்களே!"

"இது மல்லாட்டங்க."

"என்னது?"

"மல்லாட்ட. மல்லாட்ட டாக்டர்! கடல இல்ல."

டாக்டர் குனிந்து கீழே விழுந்ததை எடுத்து ஆராயியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எங்க ஊர்ல இதுதாம்மா கடலை."

"அப்ப சுண்டல் செய்யறது?"

"அது கொண்டைக்கடலை. அதை நான் சொல்லவே இல்லை." அவர் குரல் இறங்கிவிட்டது. "இந்த ஒரு மாசமா இதைச் சாப்பிட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"தெனமும் இல்ல சார்" என்றாள் விமலா. "டப்பாவுல தொவையல் வெச்ச அன்னிக்கி மட்டும்." சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று தடவையும் துவையல் வைத்த நாட்கள்தான்.

டாக்டர் பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "வேர்க்கடலைன்னு முழுசாச் சொல்லியிருந்தாலாவது புரிஞ்சிருக்கும். என் தப்பு. என்னை மன்னிச்சிருங்கம்மா."

"இன்னா சார் இப்படி சொல்றீங்க? அன்னிக்கி நீங்க ஊசி போடலன்னா நான் ஏது? இன்னிக்கும் நீங்கதான தட்டி வுட்டீங்க?"

"கையில வெச்சிருந்தத தட்டி வுட்டதோட சரி. வேலைய தட்டி வுட்டுட்டுப் போயிடாதீங்க டாக்டர்" என்றாள் ஆராயி.

டாக்டர் கோதண்டபாணியிடம் திரும்பினார். "ஒரு மாசம் இவங்க இதே வாளியிலதான் நிக்கணும். அந்த மல்லாட்டையை... சரியாச் சொல்றேனா? அதையும் அதோட எண்ணெயையும் மட்டும் விடணும். அப்பதான் காரணம் எதுன்னு தெரியும்."

"ஏதாச்சும் ஆயிட்டா?"

"நான் தினமும் மதியம் வந்து பாத்துட்டுப் போறேன்."

வந்தார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. கட்டணம் என்று வாய் திறக்கவும் இல்லை.

சாக்கு கொண்டுவந்த உபகாரமேரிதான் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். "எம் மருமவளுக்கு நானே அரைச்சிக் குடுக்கச் சொன்னேனே, மாதாவே" என்று அழுதவளை, "நீங்க பாசமாத்தான குடுத்தீங்க அத்த" என்று விமலாதான் தேற்ற வேண்டியிருந்தது. நான்காம் நாள் அவள் கம்மாபுரம் போய், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயைத் தூக்குவாளியில் கொண்டுவந்து இறக்கினாள். அதுமுதல் அந்த வீட்டில் வடையும் அப்பளமும் நல்லெண்ணெயில்தான் வெந்தன. செபாஸ்டியன் மூக்கைச் சுளித்தான், ஆனாலும் தின்றான்.

பட்டறையில் ஆராயி சட்டம் போட்டாள். மல்லாட்டை தின்கிறவர்கள் வேப்பமரத்தடியில் போய்த் தின்ன வேண்டும். சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகுதான் உள்ளே வரலாம். யாரும் விமலாவின் டப்பாவில் கை வைக்கவோ, தங்கள் டப்பாவிலிருந்து அவளுக்கு எடுத்துப் போடவோ கூடாது. இது அறுவடைக் காலம், ஊரே மல்லாட்டை மணக்கிற நேரம். அப்படியும் ஒருத்தி முணுமுணுக்கவில்லை. பாதிப் பேர் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்கள்.

கோயிலில் ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுக்கப் போன விமலாவுக்கு ஒரு சீட்டு போதவில்லை. டாக்டர் பெயர், முதலாளி பெயர், ஆராயி பெயர், வேன் ஓட்டியவர் பெயர், மாமியார் பெயர் என்று நீண்டுகொண்டே போனது. வாசித்த பாதிரியார் நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டார்.

முப்பதாவது நாள் மதியம் டாக்டர் வந்து அவள் கண்ணை, நாக்கை, கைகளைப் பார்த்தார். ஒரு தடிப்பு இல்லை.

"நாளையிலேருந்து நான் வரலை. உங்க கிளேஸ்மேல ஒரு குத்தமும் இல்லைன்னு முதலாளிகிட்ட எழுதியே குடுத்துட்டேன். ஆனா மாத்திரை எப்பவும் உங்க சட்டைப்பையில இருக்கணும். கல்யாண வீடு, விருந்துன்னா கேட்டுட்டுச் சாப்பிடுங்க. ஆயுசுக்கும் இப்படித்தான்."

"எனக்கு ஏது சார் சட்டப்பை? சுருக்குப்பையில வெச்சிக்கறேன்" என்றாள் விமலா. கையைக் குவித்தாள். விரல்களிலிருந்து வெள்ளைக் கரைசல் புடவையில் சொட்டியது.

டாக்டரும் கூச்சத்தோடு கை குவித்துவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

விமலா வாளிக்கு முன்னால் போய் நின்றாள். நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தாள். தடையில்லாமல் அடிவரை போனது. இன்னொன்று இழுத்தாள்.

"இன்னாடி, நின்னுக்கிட்டே தூங்கறியா?" ஆராயி கத்தினாள். "லாரி வந்து நிக்குது பாரு!"

"வரேன்க்கா" என்று விமலா முதல் கட்டையை எடுத்து முக்கினாள்.