சக்கரம் தின்ற ஒரு மில்லிமீட்டர்

பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருடமாகப் பல் அறுக்கிறேன். மேல்மாடியில் பிடுங்குகிற பற்கள் பாட்டிலில் என்னிடம் வந்து சேரும். எது யாருடையது என்று எழுதியிருக்காது.

வேர்க்குழாயில் அடைக்கும் பசை பல்லின் உட்சுவரை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. இன்னும் படிக்கிற பிள்ளைதான். ஒற்றை வேர்ப் பல் அறுபது வேண்டும் என்றார்.

முதலில் பல்லின் தலையை அறுத்து வேரைத் தனியாக எடுக்க வேண்டும். காய்ந்தால் வெடித்துவிடும் என்று தலையை ஈரத்துணியில் சுற்றி இடுக்கியில் பிடிப்பேன். மொத்தமாகச் சுற்றி வைத்துக்கொண்டு, பென்சில் கோட்டை மட்டும் பார்த்து வரிசையாக அறுப்பது என் வழக்கம்.

அன்று இருபது முடிந்தது. வேர்கள் எல்லாம் ஒரே கிண்ணத்தில். தலைகளைக் கொட்டத் துணிகளைப் பிரித்தபோது ஒன்று கையிலேயே நின்றுவிட்டது. மேல் முன்பல். கடிக்கிற விளிம்பில் நூல் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம். பக்கத்து மூலை உடைந்திருந்தது.

என் மனைவி தையல்காரி. மடியில் கத்தரிக்கோல் கிடந்தாலும் நூலைப் பல்லால்தான் கடிப்பாள். மூலை உடைந்தது ஒரு ஜிப்பைக் கடித்து இழுத்தபோது. ஆடிய அந்தப் பல்லைப் போன வருடம் இங்கேதான் பிடுங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும், "உன்னைக் கடிக்க ஒண்ணு குறைஞ்சுது, சந்தோஷமா?" என்றாள். நான்கு மாதத்தில் அவளே போய்ச் சேர்ந்துவிட்டாள். பல்லைக் கேட்டு வாங்க எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். வேரும் வேண்டும் என்றேன்.

"நல்லாத் தெரியுமாண்ணே, அவங்களோடதுதானா?"

"முப்பது வருஷம் எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கேன்மா."

இருவரும் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேரையும் அந்தத் தலையோடு பொருத்திப் பார்த்தோம். எதுவும் சேரவில்லை. அறுக்கிற சக்கரத்தின் தடிமனுக்கு ஒரு மில்லிமீட்டர் மாவாகப் போய்விடும். நான் அறுத்த அறுப்பு. அளவே ஒவ்வாதவற்றைக் கழித்துக் கழித்து மூன்று மிஞ்சின. அதற்கு மேல் பிரிக்க முடியவில்லை.

"மூணையும் எடுத்துக்கோங்கண்ணே. நான் வேற பல் தேடிக்கறேன்."

"வேண்டாம்மா. அவ பக்கத்துல யாரோ ரெண்டு பேரைக் கொண்டுபோய் வெச்சா, என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா."

சிரிக்கப் போன டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றையும் கிண்ணத்திலேயே போட்டேன். தலையை மட்டும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மீதிப் பற்களையும் அறுத்து, அறுபது வேர்களையும் கலந்து எண் போட்டோம். பசை அடைத்து, இறுகிய பிறகு ஒவ்வொன்றையும் மூன்று வில்லைகளாக நறுக்கினேன். வில்லையை இயந்திரத்தில் வைத்து நடுவிலிருக்கும் பசையை ஊசியால் அழுத்த வேண்டும். எந்த அழுத்தத்தில் பிடி விடுகிறதோ அந்த எண்ணை டாக்டரம்மா எழுதுவார்.

"விட்டுடுச்சு," என்பார். அடுத்ததை வைப்பேன்.

ஒரு வில்லை விடவே இல்லை. அழுத்தம் காட்டும் முள் ஏறிக்கொண்டே போய், சட்டென்று விழுந்தது.

"பசை அப்படியே இருக்குண்ணே. பல்லுதான் உடைஞ்சிருக்கு."

"எந்தப் பல்லும்மா?"

"நாப்பத்தொண்ணு."

அந்த எண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. துண்டுகளைத் தட்டில் தள்ளிவிட்டு அடுத்ததை வைத்தேன். நூற்றெண்பது வில்லைகளில் அவள் மூன்று. எப்போது அவளை அழுத்தினேன் என்று தெரியாமலே நூற்றெண்பதையும் அழுத்தி முடித்தேன்.