சோதனைக் குழாயில் கொஞ்சம் நீலம்

1

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் ஓர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் இருந்த உக்கடத்துப் பெரியவர், "நீலமா வந்தாச் சாமிக்குத் தேங்கா ஒடைக்கறேனுங்க" என்றார். வந்ததா என்று கேட்பதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை நானே எழுதவேண்டியதாயிற்று.

2

'பொழுது விடிந்தது. பறவைகள்...'

வேண்டாம். பறவைகளுக்குச் சர்க்கரை வியாதி இல்லை.

பாலுசாமிக்குக் கால் விரலில் புண். சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் காலையில் சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. செங்கல் நிறமானால் ஆபத்து. அவருக்குக் கை நடுங்கும். அதனால் அதே வியாதிக்காரரான அடுத்த வீட்டு முஸ்தபா வந்து காய்ச்சிக் கொடுப்பார்.

(இவ்வளவு நல்லவர் இருப்பாரா என்று எனக்கே சந்தேகம். அதற்காகத்தான் அவருக்குக் கொஞ்சம் வாய்த்துடுக்கு.)

"பாலுசாமியண்ணா, இன்னைக்கும் செங்கல்லு! இப்படியே போனா ஒரு ஊடே கட்டிப்போடலாமுங்க."

"நானென்ன பண்றதுங்க? பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்கப் போனா ஊட்டுக்கு ஊடு காப்பி. பெரியவராச்சேன்னு சர்க்கரைய வேற அள்ளிப் போடறாங்க. வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க."

3

ஒருநாள் குழாய் நீலமாகவே நின்றது. பாலுசாமி குழந்தையைப் போலச் சிரித்தார்.

(இங்கேயே முடித்துவிட்டால் எல்லாருக்கும் சந்தோஷம்.)

ஆனால் குழாயைக் கழுவி வைப்பது அவர் மனைவி நஞ்சம்மாள். அவள் விரல் நுனியும் நீலமாக இருந்ததை முஸ்தபா பார்த்துவிட்டார். அவளைத் தனியே கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, வேட்டிக்குப் போடற நீலத்த இதுலயும் போட்டீங்களா?"

"தெனமும் செவப்பப் பாத்துப்போட்டு அவரு சோறே உங்கறதில்லீங்க. ஒரு நாளாச்சும் சிரிக்கட்டும்னு போட்டுப்போட்டனுங்க."

[அவளைக் கண்டித்து ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். என் பேனாவிலும் நீல மைதான்.]

4

அன்று பத்திரிகை வைக்க முஸ்தபாவும் கூடப் போனார். ஒவ்வொரு வாசலிலும் முதல் சத்தம் அவருடையதுதான்.

"ரெண்டு சர்க்கரைக்காரங்க வாரோமுங்க! மோரு குடுத்தாப் பத்திரிகை. காப்பி குடுத்தாத் திரும்பிப் போயிருவோம்!"

ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில், மோரில் கொத்தமல்லி கிள்ளிப்போட்ட கருப்பாத்தாள் மட்டும், "இத்தன நாளா ஏனுங்க சொல்லல? நீங்க வாரப்பெல்லாம் காப்பில நானும் அள்ளி அள்ளிப் போட்டனே!" என்று கண்கலங்கினாள்.

5

சில நாள் கழித்து ஒரு காலை. குழாய் கொதிக்கிறது. நஞ்சம்மாள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுத் தள்ளி நிற்கிறாள். பாலுசாமி கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கும்பிடுகிறார்.

முடிவு அ: நீல—

முடிவு ஆ: மறுபடியும் செங்—

இரண்டையும் அடித்துவிட்டேன். நான் எழுதும் நீலமும் நஞ்சம்மாள் போட்ட நீலம்தான். முஸ்தபா குழாயை உங்களிடம் நீட்டுகிறார்.

"சூடுங்க, பதனமாப் புடிங்க. பாத்ததப் பாத்தபடி சொல்லுங்க. எந்த நெறமானாலும் நாளைக்கும் நான் வாரேன்."